கம்பைநல்லூர்ப் பிரகடனம்: கை காக்கும் மருத்துவம்

தருமபுரி மாவட்டத்தின் கம்பைநல்லூரிலிருந்து அறிவிக்கிறோம். உயிர் பிழைத்தது, கை போனால் போகட்டும் என்று சொல்லிவந்த மருத்துவத்தின் காலம் முடிந்தது. அதன் தோல்வியை நிறுவ நாங்கள் இங்கே கூடவில்லை. மடங்கிய விரலாகவும் தொங்கும் மணிக்கட்டாகவும் இழுத்து நடக்கும் பாதமாகவும் அந்தத் தோல்வி இந்த வட்டாரத்தின் சந்தைகளிலும் பேருந்து நிறுத்தங்களிலும் தன்னைத் தானே அறிவித்துக்கொண்டிருக்கிறது. அதன் இடத்துக்கு வருவது எது என்பதைச் சொல்லவே கூடினோம்.

எங்களில் அரசு மருத்துவமனைகளின் அறுவை மருத்துவர்கள் உண்டு, மயக்கவியல் மருத்துவர்கள் உண்டு, அறுவை அரங்கச் செவிலியர்கள் உண்டு, இயன்முறை மருத்துவர்கள் உண்டு. கரும்பு வெட்டும்போதும் கல் உடைக்கும்போதும் கை அறுபட்டவர்களும் உண்டு. சிகிச்சை தருபவரும் பெறுபவரும் ஒரே தாளில் கையெழுத்திடுகிறோம். பெறுபவர்களில் சிலர் இடக்கையால் கையெழுத்திட்டார்கள் என்பதையும் பதிவு செய்கிறோம்.

ஏன் கம்பைநல்லூர்? மருத்துவக் கல்லூரி இல்லாத ஊர் என்பதால்தான். இங்கே கை அறுபட்டவருக்குக் கிடைக்கும் அறிவுரை ஒன்றே: மொரப்பூரில் ரயிலேறு. வடக்கே போகும் ரயில் ஜோலார்பேட்டை கடந்து காட்பாடியில் இறக்கிவிடும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி அதன் அருகே இருக்கிறது. தெற்கே போகும் ரயில் சேலமும் ஈரோடும் கடந்து கோவையில் இறக்கிவிடும். கங்கா மருத்துவமனை அங்கே இருக்கிறது. பல நாட்டு மருத்துவர்கள் வந்து கை அறுவை கற்றுச் செல்லும் இரண்டு கூடங்கள் ஒரே ரயில் பாதையின் இரு முனைகளில் உள்ளன. அந்தப் பெருமையில் எங்களுக்கும் பங்குண்டு. ஆனால் இடைவழியில் ஏறும் கூலிக்காரருக்குப் பயணச்சீட்டு மட்டும் போதாது: உடன் வர ஓர் ஆள் வேண்டும், தங்க இடம் வேண்டும், போன நாட்களுக்கான கூலியை யாராவது ஈடுகட்ட வேண்டும். அவர் போக மாட்டார். போனாலும் தாமதமாகப் போவார். நரம்பு தாமதத்தை மன்னிப்பதில்லை.

நரம்பின் காலக்கணக்கே எங்கள் கொள்கையின் அடித்தளம். அகஸ்டஸ் வாலர் 1850இல் தவளையின் நாக்கு நரம்புகளை அறுத்துப் பார்த்து, அறுபட்ட இடத்துக்குக் கீழே உள்ள இழைகள் சிதைந்துபோவதைக் கண்டு எழுதினார். மேல்முனையிலிருந்து புதிய இழை முளைத்து, கீழே வெறுமையாகிக் கிடக்கும் உறைக்குள் இறங்க வேண்டும். அது இறங்கும் வேகம் நாளுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்; மாதத்துக்கு ஓர் அங்குலம். மணிக்கட்டில் அறுபட்ட நரம்பு விரல் நுனியைத் தொட ஆறேழு மாதங்கள் ஆகும். முழங்கைக்கு மேலே அறுபட்டால் உள்ளங்கைத் தசையைச் சேர ஓராண்டுக்கு மேல் ஆகும். கழுத்தருகே சிதைந்தால் அதே பயணத்துக்கு ஈராண்டும் போதாது. தசையோ அவ்வளவு காலம் காத்திருப்பதில்லை. 12 முதல் 18 மாதங்களுக்குள் நரம்பின் கட்டளையை ஏற்கும் ஆற்றலை அது இழந்துவிடுகிறது. பிறகு எவ்வளவு திறமையாகத் தைத்தாலும் வந்து சேரும் நரம்புக்கு அங்கே வேலை இல்லை. ஆகவே தாமதம் என்பது எங்கள் அகராதியில் நிர்வாகச் சிக்கலன்று, உடல் ஊனம்.

தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தை வாழ்த்துகிறோம். விபத்துக்குப் பின்வரும் முதல் 48 மணி நேரத்துக்கு அரசு பொறுப்பேற்றது. தொப்பூர்க் கணவாயைக் கடக்கும் எவருக்கும் அதன் அருமை தெரியும். உயிரின் கணக்கு மணிகளில் ஓடுகிறது. நரம்பின் கணக்கு மாதங்களில் ஓடுகிறது. முதல் கணக்கைத் தீர்த்த அரசிடம் இரண்டாம் கணக்கை எடுத்து வைக்கிறோம்.

பழைய முறை எப்படி ஏமாந்தது என்பதை ஒரே ஒரு காயத்தைக் கொண்டு காட்டலாம். மணிக்கட்டின் உட்புறத்தில் கொடுவாள் பட்ட வெட்டு. அவசர சிகிச்சைப் பிரிவில் விரலை மடக்கச் சொல்கிறார்கள், மடங்குகிறது. தோலைத் தைத்து, தடுப்பூசி போட்டு, அனுப்புகிறார்கள். விரலை மடக்கும் பெரிய தசைகள் முன்கையில் இருக்கின்றன. அவற்றுக்கான நரம்புக் கிளைகள் வெட்டுக்கு மேலேயே பிரிந்துவிட்டன. அந்த இடத்தில் ஓடும் மீடியன் நரம்பு முழுதாக அறுந்தாலும் விரல் மடங்கத்தான் செய்யும். ஒரு மாதம் கழித்து அந்த ஆள் பீடி சுட்டது தெரியாமல் விரலில் கொப்புளத்தோடு வருகிறார். கட்டைவிரலின் அடித்தசை வற்றியிருக்கிறது. சட்டைப் பித்தானைப் போட முடியவில்லை. இன்னும் கொடியது ஒன்று உண்டு: அவசரத்தில் அறுந்த நரம்பின் முனையை அறுந்த தசைநாணின் முனையோடு சேர்த்துத் தைத்துவிடுவது. இரண்டும் வெண்மையாக, அருகருகே கிடக்கும். அப்படித் தைக்கப்பட்ட கைகள் மருத்துவ நூல்களிலும் உண்டு, இந்த மாவட்டத்திலும் உண்டு.

இந்த ஏமாற்றத்தைத் தடுக்க லட்சங்கள் தேவையில்லை. பிளாஸ்டிக் பேனாவின் உடலை விரலின் மீது இழுத்துப் பாருங்கள்: நலமான தோலில் வியர்வை பிசுபிசுத்துப் பேனாவைத் தடுக்கும்; நரம்பறுந்த தோலில் வியர்வை நின்றிருக்கும், பேனா வழுக்கிக்கொண்டு போகும். வெதுவெதுப்பான நீரில் கையை அரை மணி நேரம் ஊறவையுங்கள்: உயிருள்ள விரல் சுருங்கும், நரம்பிழந்த விரல் வழவழவென்றே இருக்கும். சொல்லத் தெரியாத குழந்தைக்கும் இந்தச் சோதனை போதும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே ஒரு தாளைக் கொடுத்து இழுங்கள்: கட்டைவிரலின் நுனி மடங்கினால் அல்நார் நரம்பு பழுதென்று பிரெஞ்சு மருத்துவர் ஃப்ரோமான் 1915இல் சொன்னார். அதே ஆண்டில், போரில் எதிரெதிர் அணிகளில் நின்ற இரு நாடுகளின் மருத்துவர்களான ஹாஃப்மனும் டினெலும் தனித்தனியே ஒரே உண்மையைக் கண்டனர்: வளரும் நரம்பின் முனையை விரலால் தட்டினால் சுருக்கென்று மின்னும். அந்த மின்னல் மாதாமாதம் கீழே நகர்ந்தால் நரம்பு வளர்கிறது. ஒரே இடத்தில் நின்றால் நரம்பு நிற்கிறது. பேனா, வெந்நீர், தாள், விரல் நுனி. இவை இல்லாத ஆரம்ப சுகாதார நிலையம் எங்கும் இல்லை. இவற்றைப் பயன்படுத்தும் பழக்கம் எங்கும் இல்லை என்பதே பழைய முறையின் வறுமை.

அறுவைக்கு வருவோம். தலைமயிரை விட மெல்லிய 8-0 அல்லது 9-0 நைலான் இழை, நுண்கருவிகள் சில, நெற்றியில் அணியும் உருப்பெருக்கியான லூப் கண்ணாடி, நல்ல வெளிச்சம். நுண்ணோக்கி இருந்தால் சிறப்பு. இல்லாமை மணிக்கட்டு நரம்பை அப்படியே விட்டுவிடுவதற்குச் சாக்கு ஆகாது. நசுங்கிய முனையைச் சீவி, உள்ளே இழைக்கற்றைகள் பளிச்சென்று புடைத்துத் தெரியும் இடம் வரை போக வேண்டும். நரம்பின் மேலே மெல்லிய ரத்தக்குழாய் ஒன்று கோடு போட்டதுபோல் ஓடும். இரு முனைகளிலும் அந்தக் கோடு நேராகச் சேர்ந்தால் நரம்பு முறுக்கிக்கொள்ளவில்லை என்று பொருள். பிறகு வெளியுறையில் சில தையல்கள், இழுவிசை சற்றும் இல்லாமல். முனைகள் சேரவில்லை என்றால் இழுத்துக் கட்டுவது குற்றம். காலின் பின்புறத்துச் சூரல் நரம்பை எடுத்து இடைவெளியை நிரப்ப வேண்டும் என்று வியன்னாவின் மில்லெசி அரை நூற்றாண்டுக்கு முன்பே காட்டிவிட்டார். பாதத்தின் வெளி ஓரத்தில் கொஞ்சம் மரத்துப்போகும். கைக்காகக் கால் செய்யும் அந்தத் தியாகத்தை நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது கடமை.

முழு மயக்கமும் கட்டாயமில்லை. அக்குளிலோ கழுத்தடியிலோ நரம்புப் பின்னலை மரக்கச் செய்யும் ஊசி போதும். கனடாவின் டொனால்ட் லலோண்ட், லிக்னோகைனோடு அட்ரினலின் கலந்து போட்டு, கையை இறுக்கும் பட்டையும் இல்லாமல், விழித்திருக்கும் நோயாளியோடு பேசிக்கொண்டே கை அறுவை செய்யலாம் என்பதை உலகறியச் செய்தார். விரலில் அட்ரினலின் போட்டால் விரல் அழுகும் என்ற பழைய அச்சம் அதோடு ஒழிந்தது. வறிய மருத்துவமனைக்கு இதைவிடப் பெரிய நன்கொடை அண்மையில் யாரும் தரவில்லை. அதற்கு ஒரு ரூபாய் செலவும் இல்லை.

பயிற்சி? கோழிக்கால் வாங்குங்கள். தொடைத் தசைகளை மெல்ல விலக்கினால் வெள்ளையாக ஒரு நரம்பு நீண்டு கிடக்கும். அதை அறுத்து, லூப் கண்ணாடி அணிந்து, தைத்து, பிரித்து, மறுபடி தைத்துப் பழகலாம். உலகின் பெரிய நுண்ணறுவைப் பயிற்சிக் கூடங்களிலும் கோழிக்கால் பாடப்பொருளே. நாமக்கல்லைக் கோழி நாடென்று சொல்லும் நாம் இதற்காகக் கடல் கடக்க வேண்டியதில்லை. கை நடுங்காமல் தைக்கும் ஆற்றல் பட்டத்தில் ஒட்டிக்கொண்டு வருவதில்லை. மாலை வேளைகளில், மேசை விளக்கின் கீழ், இறைச்சிக் கடையின் உபயத்தில் வருகிறது.

இன்றைய தருமபுரியான தகடூரை வென்றதைப் பாடும் பதிற்றுப்பத்தில், போர்ப்புண்ணைத் தைத்த வெள்ளூசியும் ஓரிடத்தில் வருகிறது. ஊசி எங்கள் மண்ணுக்குப் புதிதன்று. அது யாருக்காக எடுக்கப்படுகிறது என்பதுதான் மாற வேண்டியிருந்தது.

எங்கள் மரபைச் சொல்கிறோம். பாப்பாரப்பட்டி இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. சிறையிலிருந்து தொழுநோயோடு வெளிவந்த சுப்பிரமணிய சிவாவை ரயிலில் ஏறக் கூடாதென்று ஆங்கில அரசு தடுத்தது. அவர் நடந்தே ஊர் ஊராகச் சென்று பேசினார். 1925 ஜூலை 23இல் பாப்பாரப்பட்டியில் மறைந்தார். தொழுநோய் நரம்பைத் தின்னும் நோய். அன்று அந்த நோயாளியைப் பார்த்து ரயிலேறாதே என்றார்கள். இன்று நரம்பு அறுந்தவரைப் பார்த்து ரயிலேறு என்கிறார்கள். இரண்டு ஆணைகளிலும் ஊருக்குள் சிகிச்சை என்ற எண்ணமே இல்லை.

சிவா மறைந்து 23 ஆண்டுகளில், 1948இல், வேலூரில் வரலாறு திரும்பியது. கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன கைகளில் அறுவை செய்யத் தொடங்கினார். செத்த நரம்பை உயிர்ப்பிக்க முடியாத இடத்தில் உயிரோடிருக்கும் தசைநாண் ஒன்றை இடம் மாற்றித் தைத்து விரலை நிமிர்த்தினார். விரல்கள் அழுகி விழுவதில்லை, உணர்ச்சி இல்லாததால் சுடுபட்டும் வெட்டுப்பட்டும் தேய்கின்றன என்பதை உலக மருத்துவத்துக்கு அவர் கற்பித்தார். உணர்வற்ற பாதங்களுக்கு மென்மையான நுண்துளை ரப்பர் செருப்பு வந்ததும் அந்தப் பணியின் தொடர்ச்சியில்தான். 1954இல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அந்தக் கைகளுக்கு அறுவை செய்தார். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் பேராசிரியர் ஆர். வெங்கடசாமி 1970களில் கை அறுவைக்கென்றே ஒரு துறையை வளர்த்தெடுத்து, அரசுக் கூரையின் கீழ் இது முடியும் என்று காட்டினார். நாங்கள் வழிப்போக்கர்கள் அல்லர், வாரிசுகள். பிராண்டின் முதல் அறுவைகளுக்கு நுண்ணோக்கி இருக்கவில்லை. வறுமையில் பிறந்த அறிவியலை வளமானவர்களின் சொத்தாக்கியது பிற்காலம்.

இனி நாங்கள் மறுப்பவை.

ஆண்டுக்கொரு முகாம் என்னும் கொடையை மறுக்கிறோம். வெளியூர் நிபுணர் வந்து அறுத்துத் தைத்துவிட்டுப் போன கைக்கு அடுத்த வாரம் கட்டு அவிழ்க்க ஆளில்லை என்றால் அது காட்சி, சிகிச்சை அன்று. விளக்கு எரியாமல் உறை போட்டு மூலையில் நிற்கும் நன்கொடை நுண்ணோக்கியை மறுக்கிறோம். கொடுப்பவர் மாற்று விளக்கையும் பழுது பார்ப்பவரின் முகவரியையும் சேர்த்துக் கொடுக்கட்டும். வீணை வாசிக்கும் விரலுக்கு ஒரு மருத்துவம், கதிர் அறுக்கும் விரலுக்கு ஒரு மருத்துவம் என்ற ஏற்பாட்டை மறுக்கிறோம். பின்னதே அதிகம் சம்பாதித்துக் கொடுக்க வேண்டிய விரல். பின்னதற்கே சேமிப்பு இல்லை.

தேவையற்ற கத்தியையும் மறுக்கிறோம். மேற்கை எலும்பு முறிந்து மணிக்கட்டு தொங்கும்போது ரேடியல் நரம்பு பெரும்பாலும் அறுந்திருப்பதில்லை; நசுங்கி உறங்குகிறது. மணிக்கட்டை நிமிர்த்திக் கட்டி, மாதாமாதம் தட்டிப் பார்த்துக் காத்திருந்தால் பெரும்பாலானவை தாமாகவே விழிக்கும். நசுங்கிய நரம்பு, உள்ளிழை மட்டும் அறுந்த நரம்பு, முழுதும் துண்டான நரம்பு என்று ஆக்ஸ்ஃபோர்டின் செடன் 1943இல் வகுத்த மூன்று நிலைகளை அறியாமல் அவசரப்படுவதும், அறிந்தும் காலத்தைக் கடத்துவதும் ஒரே குற்றத்தின் இரு முகங்கள். ‘போகப் போகச் சரியாகிவிடும்’ என்ற சொல்லை நாங்கள் ஒழிக்கவில்லை. அதன் அருகே ஒரு தேதியை எழுதச் சொல்கிறோம். எந்த மாதத்துக்குள் சரியாக வேண்டும், ஆகாவிட்டால் யாரிடம் போக வேண்டும் என்று எழுதப்படாத ஆறுதலுக்கு இனி இடமில்லை.

மருத்துவமே செய்யும் காயத்தையும் கண்டிக்கிறோம். பிட்டத்தில் தவறான இடத்தில் இறங்கிய ஊசி சயாட்டிக் நரம்பைக் குத்தி, நன்றாக ஓடிய குழந்தையின் பாதத்தைத் தொங்கவிடுகிறது. இறுகக் கட்டிய பத்தையும் இறுகப் போட்ட மாவுக்கட்டும் ரத்தத்தை நிறுத்தி முன்கையையே வற்றச் செய்கின்றன. கட்டியவர் நாட்டு வைத்தியரா, படித்த மருத்துவரா என்று தசை பார்ப்பதில்லை. கட்டு போட்ட கையில் வலி கூடிக்கொண்டே போனால் நள்ளிரவானாலும் கட்டைப் பிரிக்க வேண்டும். இந்த ஒரு வாக்கியத்தைச் சுவரெங்கும் எழுதுவோம்.

பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவதை மறுக்கவில்லை. அனுப்பிவிட்டு மறப்பதை மறுக்கிறோம். பைக்கிலிருந்து விழுந்து தோளும் தலையும் எதிரெதிரே இழுபட்டு, கழுத்தின் நரம்பு வேர்கள் பிய்ந்துபோன இளைஞனுக்கு எங்கள் ஊசி போதாது. அல்நார் நரம்பின் ஒரு கற்றையைப் பிரித்து, கையை மடக்கும் தசையின் நரம்போடு இணைக்கும் வழியை பாரிஸின் ஓபர்லின் 1994இல் காட்டினார். தசைக்கு மிக அருகே இணைப்பதால் பயணம் குறைகிறது, ஓராண்டுக் காத்திருப்பு சில மாதங்களாகிறது. அந்த அறுவை வேலூரிலும் கோவையிலும் ஸ்டான்லியிலும் நடக்கட்டும். ஆனால் அந்த இளைஞன் மூன்றாம் மாதத்தில் அங்கே நிற்க வேண்டும், பதினான்காம் மாதத்தில் அன்று. அவனை நேரத்தில் அனுப்புவதும், திரும்பி வந்ததும் ஏற்றுக்கொள்வதும் மாவட்டத்தின் பொறுப்பு.

அறுவை முடிந்தபின்தான் நரம்பின் சிகிச்சை தொடங்குகிறது. மூன்று வாரம் கட்டு. அதன்பின் மாதக்கணக்கில் பயிற்சி. சூட்டில் இளகும் பி.வி.சி. குழாயை வெட்டி வளைத்து விரல்தாங்கி செய்யலாம். இறக்குமதித் தாங்கிகள் அருங்காட்சியகத்தில் இருக்கட்டும். உணர்ச்சி திரும்பும் விரல் முதலில் பொய் சொல்லும்; எங்கே தொட்டாலும் வேறெங்கோ தொட்டதாகச் சொல்லும். மூளைக்கு அதை மறுபடி படிக்கக் கற்றுத்தர வேண்டும். ஒரு வாளியில் கேழ்வரகு. அதற்குள் புளியங்கொட்டை, பித்தான், சாவி, நாணயம். கண்ணை மூடிக் கையை விட்டு, எது எது என்று சொல்ல வேண்டும். இந்தப் பயிற்சிக்கான கருவிகள் அத்தனையும் தருமபுரி மாவட்டத்தின் எந்த வீட்டிலும் இருக்கின்றன; சொல்லித்தரும் ஆள்தான் இல்லை. அந்த ஆளும் வரமுடியும் என்பதற்குச் சான்று பக்கத்திலேயே உண்டு. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்ட் 5இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டபோதே வீட்டுக்கு வரும் இயன்முறைச் சிகிச்சை அதன் உறுப்பாக இருந்தது. சர்க்கரை நோய்க்கும் ரத்தக் கொதிப்புக்கும் படியேறிய திட்டம், தைத்த கைக்கும் படியேறட்டும்.

அற்புதங்களை நாங்கள் வாக்களிக்கவில்லை. தைத்த நரம்பு பழைய நரம்பாவது அரிது. குழந்தைக்கு நன்றாகத் திரும்பும், முதியவருக்குக் குறைவாகத் திரும்பும்; குளிர்காலத்தில் பலருக்கு விரல் கடுக்கும். திரும்பாத இடத்தில் பிராண்டின் வழியில் தசைநாணை மாற்றி வைப்போம். பிடிக்கும் கை, சுடுவதை அறியும் கை, கூலிக்குப் போகும் கை: இதுவே எங்கள் வெற்றியின் அளவுகோல்.

தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரியிலும் அரூர், பென்னாகரம், பாலக்கோடு அரசு மருத்துவமனைகளிலும் கோருவது இவ்வளவே: லூப் கண்ணாடி, நுண்கருவிப் பெட்டி, தீராத இழை, பயிற்சி பெற்றவரைப் பயிற்சி பெற்ற இடத்திலேயே சில ஆண்டுகள் இருக்கவிடும் பணிமாற்ற ஒழுங்கு, கைக்காயம் ஒவ்வொன்றையும் தோல் தைக்கும் முன் பேனாவால் சோதித்துக் குறிக்கும் கட்டாயம். இவற்றில் நான்காவதுதான் கடினம் என்று அறிவோம். கருவிக்குப் பணம் ஒதுக்கும் அரசு, ஆளை நிலைக்கவிடுவதில் கஞ்சமாகவே இருந்துவருகிறது.

எங்கள் முதல் செயல் ஒரு பதிவேடு. வெட்டுப்பட்ட நாள், தைத்த நாள், இரண்டுக்கும் இடையே கழிந்த நாட்கள், தாமதத்தின் காரணம். பிறகு மாதாமாதம் விரலால் தட்டிப் பார்த்து, மின்னல் எத்தனை மில்லிமீட்டர் இறங்கியது என்ற குறிப்பு. தோற்ற அறுவைகளும் அதே மையில் எழுதப்படும். எழுதும் பொறுப்பு இயன்முறை மருத்துவருக்கு. கேட்டுப் படிக்கும் உரிமை காயம்பட்டவருக்கு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெயர்களை நீக்கி, கம்பைநல்லூரில் எல்லோர் முன்னும் அது வாசிக்கப்படும். எந்த மருத்துவமனையில் எத்தனை நாள் வீணாயிற்று என்பதும் அங்கே வாசிக்கப்படும். பதில் சொல்ல வேண்டியவர்களை முன்கூட்டியே அழைக்கிறோம்.